குளூட்டன் ஆகாத பிள்ளைக்கு ஒரு நல்ல பீட்சா

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. போன வருடம் எண்டோஸ்கோப்பி செய்து, கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைப் பாதிக்கும் சீலியாக் நோய் என்று உறுதி செய்தார்கள். அன்றிலிருந்து கோதுமை, மைதா, ரவை எதுவும் அவளுக்குத் தருவதில்லை. எடை கூடியிருக்கிறது, ரத்தசோகையும் குறைந்திருக்கிறது. ஆனால் பீட்சாவை மட்டும் அவளால் மறக்க முடியவில்லை. சோள மாவிலும் கேழ்வரகு மாவிலும் வீட்டில் செய்து கொடுத்தேன். ஓரமெல்லாம் வெடித்து, ஆறியதும் கடிக்க முடியாதபடி கெட்டியாகிவிட்டது. அதைச் சாப்பிட்ட அன்று இரவு அவளுக்கு வயிற்றுவலி வேறு. ஜெர்மனியில் இருக்கும் என் தம்பி, குளூட்டன் இல்லாத பீட்சா மாவு என்று ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறான். அதில் கோதுமை ஸ்டார்ச் சேர்த்திருப்பதாக எழுதியிருப்பதால் பிரிக்கவே பயமாக இருக்கிறது. 'மாதத்தில் ஒரு நாள் கடையில் ஒரு துண்டு சாப்பிட்டால் குழந்தைக்கு என்ன ஆகிவிடும்?' என்கிறார் மாமியார். கோதுமை சாப்பிட்டால் தனக்கும் வயிறு உப்புகிறது என்று என் கணவரும் இரண்டு மாதமாகச் சப்பாத்தியை விட்டுவிட்டார். எனக்கு ஒரு வழி சொல்லுங்கள்.

— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் கேட்பது நியாயமான ஆசை. அவள் வயதில் பீட்சா என்பது தோழிகளோடு சேர்ந்து சாப்பிடுகிற உணவு. பிறந்தநாள், தேர்வு முடிந்த நாள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. 'ஊத்தப்பத்தின் மேல் சீஸ் தூவிக் கொடுத்தால் போதுமே' என்று பலர் உங்களுக்கு யோசனை சொல்லியிருப்பார்கள். ஊத்தப்பம் அருமையான உணவு, அதை ஊத்தப்பமாகவே கொடுங்கள். பீட்சா கேட்ட பிள்ளைக்கு அதைப் பீட்சா என்று சொல்லிக் கொடுத்தால், தனக்கு இனி எல்லாமே மாற்று உணவுதான் என்று அவள் மனதில் பதிந்துவிடும். வாழ்நாள் முழுவதும் காக்க வேண்டிய பத்தியத்தை வளரும் பிள்ளைகள் கைவிடுவது பெரும்பாலும் இப்படி மனம் கசந்துதான். பொங்கி வந்த ஓரமும் மென்மையான நடுப்பகுதியும் உள்ள உண்மையான பீட்சாவை நம் வீட்டு அடுப்படியிலேயே செய்ய முடியும்.

அதற்கு முன் மாமியாரின் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பேத்தியின் ஏக்கத்தைப் பார்த்துத்தான் அவர் அப்படிக் கேட்கிறார். ஆனாலும் 'ஒரு துண்டு' இந்த நோயில் சிறிய அளவு அல்ல. சாதாரண ரொட்டித் துண்டு ஒன்றில் ஏறத்தாழ 2 கிராம் குளூட்டன் இருக்கும். சீலியாக் நோயாளிகளுக்குத் தினமும் 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் கொடுத்து இத்தாலியில் ஆய்வு செய்தார்கள். அந்த அளவே சிறுகுடலின் உட்சுவரைப் பாதிக்கப் போதுமானதாக இருந்தது. அதாவது ஒரு ரொட்டித் துண்டில் நாற்பதில் ஒரு பங்கு. வயிறு வலிக்கவில்லை என்பதால் உள்ளே ஒன்றும் ஆகவில்லை என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. சிலருக்கு வலியே இல்லாமல், குடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்ற குடலுறிஞ்சிகள் தேய்ந்துகொண்டிருக்கும். இரும்புச்சத்தும் கால்சியமும் உடலில் சேராமல் போகும். உங்கள் மகளின் ரத்தசோகை குறைந்ததே குடல் ஆறிவருவதற்கு நல்ல அடையாளம். மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்: 'அவள் ரத்தம் ஊறியது இந்தப் பத்தியத்தால்தான், அத்தை.' பாட்டிகளுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும்.

இனி அந்த இரவு வந்த வயிற்றுவலி. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதுதான். சோளத்திலும் கேழ்வரகிலும் குளூட்டன் கிடையாது. ஆனால் அவற்றை எங்கே அரைத்தீர்கள்? தெரு முனையில் இருக்கும் மாவு மில்லில் என்றால், உங்கள் சோளம் விழுவதற்கு முன்னால் அதே எந்திரத்தில் யாரோ ஒருவரின் கோதுமை அரைபட்டிருக்கும். எந்திரத்தின் கல்லிலும் துணிக்குழாயிலும் ஒட்டியிருக்கும் கோதுமை மாவு அடுத்து வருபவரின் மாவோடு சேர்ந்து இறங்கும். மில்காரர் மேல் குற்றமில்லை. அந்த எந்திரம் வேலை செய்யும் விதம் அப்படி. 'என் மாவுக்கு முன்னால் கொஞ்சம் அரிசியைப் போட்டு ஓட்டிவிடுங்கள்' என்று கேட்டுக்கொண்டாலும் அது முழுப் பாதுகாப்பு ஆகாது. உங்கள் மகளுக்கு வேண்டிய மாவை வீட்டு மிக்ஸியில் அரையுங்கள். அல்லது, குளூட்டன் இல்லாதது என்று உறையில் அச்சிட்டு விற்பதை வாங்குங்கள். நம் நாட்டுச் சட்டப்படி, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் உள்ள பொருளில் அப்படி அச்சிடக் கூடாது.

மாவைச் சரி செய்த பிறகும் வலி வந்தால், பெருங்காய டப்பாவை எடுத்து அதன் பின்புறம் எழுதியிருப்பதைப் படியுங்கள். நாம் வாங்குவது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். காரத்தைக் குறைக்கவும் கட்டியாக்கவும் அதில் கருவேலம் பிசினோடு மைதாவோ கோதுமை மாவோ சேர்ப்பது வழக்கம். சாம்பார், ரசம், மோர், ஊறுகாய் என்று அது விழாத பாத்திரம் நம் வீடுகளில் இல்லை. கோதுமையை மொத்தமாக நிறுத்திய பிறகும், சீலியாக் நோயைக் கண்டறியவும் கண்காணிக்கவும் செய்யும் டிடிஜி ரத்தப் பரிசோதனையில் அளவு இறங்காமல் நிற்கிற தமிழ்க் குடும்பங்களில் நான் முதலில் கேட்பது பெருங்காயத்தைப் பற்றித்தான். அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கடைகளில் கிடைக்கிறது. அதற்கு மாறும் வரை பெருங்காயம் இல்லாமலே சமையுங்கள்.

வலிக்கு இன்னொரு காரணம் சீஸாகவும் இருக்கலாம். பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி, குடலுறிஞ்சிகளின் நுனியில்தான் சுரக்கிறது. நுனி தேய்ந்திருக்கும் காலத்தில் பால் பொருட்கள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. குடல் ஆற ஆற இது சரியாகும். ஒரு நாள் சீஸ் இல்லாமல் செய்து கொடுத்து வித்தியாசம் தெரிகிறதா என்று பாருங்கள்.

அடுப்படியைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சூட்டில் குளூட்டன் அழியாது. சப்பாத்தி சுட்ட கல்லை எவ்வளவு காய்ச்சினாலும் அதில் ஒட்டிய மாவு மாவாகவே இருக்கும். பழகிய இரும்புக் கல்லைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவவும் நமக்கு மனம் வராது. ஆகவே மகளுக்கென்று ஒரு புதிய கல், ஒரு சல்லடை, ஒரு மரக்கரண்டி வாங்கி, அடையாளம் போட்டுத் தனியாக வையுங்கள். சப்பாத்திக் கட்டையும் பலகையும் இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம். எவர்சில்வர் பாத்திரங்களை நன்றாகக் கழுவினால் போதும், தனி செட் தேவையில்லை. பீட்சா செய்கிற நாளில் வீட்டில் கோதுமை மாவைத் திறக்காதீர்கள். கொட்டும்போது பறக்கும் மாவு காற்றில் நின்று மெல்ல மேடையில் படியும். என்னைக் கேட்டால், அன்று வீட்டில் எல்லோருக்கும் ஒரே பீட்சாதான் என்று வைத்துவிடுங்கள். அவளுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று என்று இரண்டு மாவு பிசைந்தால் உங்களுக்கும் வேலை கூடும், கரண்டி மாறிவிடும் ஆபத்தும் கூடும்.

உங்கள் பீட்சா ஏன் வெடித்தது என்று இப்போது பார்ப்போம். கோதுமை மாவில் தண்ணீர் விட்டுப் பிசையும்போது அதிலுள்ள இரண்டு வகைப் புரதங்கள் சேர்ந்து வலைபோலப் பின்னிக்கொள்கின்றன. அந்தப் பின்னல்தான் குளூட்டன். ஈஸ்ட் வெளிவிடும் வாயு அதில் சிக்கி நிற்பதால் மாவு உப்புகிறது. சோளத்திலும் கேழ்வரகிலும் இந்தப் பின்னல் கிடையாது. வாயு வந்த வேகத்தில் வெளியேறிவிடும். ஈரம் காய்ந்ததும் பிடித்து நிறுத்த எதுவும் இல்லாமல் மாவு பிளக்கும். சப்பாத்தி மாவுப் பதத்துக்குத் தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள் என்பது என் ஊகம். கெட்டியானதற்கு அதுதான் காரணமாக இருக்கும். குளூட்டன் இல்லாத மாவு மிக அதிகமாகத் தண்ணீர் கேட்கும்.

பின்னலுக்குப் பதிலாக நமக்குக் கை கொடுப்பது இசப்கோல் உமி. மலச்சிக்கலுக்கு மருந்துக் கடையில் வாங்குவோமே, அதுவேதான். சுவை சேர்க்காத வெறும் உமியாகக் கேட்டு வாங்குங்கள். தண்ணீரில் ஊறினால் அது கொழகொழவென்று பசையாகி, வாயுவைப் பிடித்து வைக்கும். வெந்த பிறகும் ஈரத்தை விடாது. வெளிநாட்டுச் செய்முறைகளில் சாந்தன் கம் என்ற பொடியைச் சொல்வார்கள். நம் ஊரில் சுலபமாகவும் மலிவாகவும் கிடைப்பது இசப்கோல்தான்; பீட்சாவுக்கு எனக்கு அதுவே பிடித்தும் இருக்கிறது.

இரண்டு நடுத்தரப் பீட்சாக்களுக்கு இந்த அளவு சரியாக வரும். பச்சரிசி மாவு 150 கிராம், வெள்ளைச் சோள மாவு 70 கிராம், மரவள்ளி ஸ்டார்ச் 80 கிராம். மரவள்ளி ஸ்டார்ச் கிடைக்காவிட்டால் சேலத்து ஜவ்வரிசியை மிக்ஸியில் நைசாகப் பொடித்துச் சலித்துக்கொள்ளலாம். ஜவ்வரிசி அந்த ஸ்டார்ச்சில்தான் செய்யப்படுகிறது. அரிசி மாவு நறநறவென்று இருந்தால் பீட்சாவும் அப்படியே இருக்கும். அதனால் பச்சரிசியைக் கழுவி இரண்டு மணி நேரம் ஊற வைத்து, துணியில் பரப்பி நிழலில் நன்றாக உலர்த்தி, அரைத்து, சலித்து எடுங்கள். இடியாப்ப மாவுக்குச் செய்வதுபோல வறுக்க வேண்டாம். ஈரம் மிச்சமிருந்தால் தண்ணீர்க் கணக்கு தப்பிவிடும் என்பதால், உலர்த்துவதில் மட்டும் அவசரப்படாதீர்கள். அளக்க ஒரு சிறிய எடைக் கருவி வாங்கிக்கொள்ளுங்கள். கோதுமையில் கைக்கணக்குக்கு இடமுண்டு. இந்த மாவில் அது குறைவு.

கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீர் 300 மில்லி எடுத்து, அதில் 10 கிராம் சர்க்கரையும் 5 கிராம் உலர் ஈஸ்டும் கலந்து பத்து நிமிடம் விடுங்கள். நுரை வரவில்லையென்றால் ஈஸ்ட் செத்துவிட்டது. அதோடு நிறுத்திப் புதிது வாங்குங்கள். நுரைத்ததும் 15 கிராம் இசப்கோல் உமியைத் தூவிக் கலக்குங்கள். ஐந்து நிமிடத்தில் கூழாகும். அதில் மாவு வகைகள், ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சேர்த்து மரக்கரண்டியால் நன்றாக அடித்துக் கலக்கவும். வருவது மெதுவடை மாவின் பதத்தில், கையில் ஒட்டுகிற மாவாக இருக்கும். இங்கேதான் பலர் பயந்து மேலும் மாவைக் கொட்டுகிறார்கள். கொட்டாதீர்கள். பத்து நிமிடம் மூடி வைத்தால் உமி மீதித் தண்ணீரையும் இழுத்து மாவு தானாக இறுகும்.

இந்த மாவைப் பிசைந்து பலனில்லை, இரண்டு தடவை புளிக்க வைப்பதும் வீண். ஒருமுறை உப்பிய வாயு போய்விட்டால் மறுபடி எழும்பும் வலு இதற்குக் கிடையாது. ஆகவே கலக்கியதும் நேரடியாக வடிவம் கொடுத்துவிட வேண்டும். பட்டர் பேப்பரில் எண்ணெய் தடவி, எண்ணெய்க் கையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளித் தட்டுங்கள். நடுவில் மெல்லியதாக, ஓரத்தில் விரல் கனத்துக்கு விடுங்கள். மேலே லேசாக எண்ணெய் தடவி, மூடி, முக்கால் மணி நேரம் வையுங்கள். திருப்பூர் வெயிலில் அரை மணியே போதும். இருமடங்காகும் என்று காத்திருக்க வேண்டாம். கொஞ்சம் பூரித்தாற்போலத் தெரிந்தால் சுட்டுவிடலாம்.

பீட்சாவுக்குப் பேர்போன இத்தாலிய நகரமான நாப்போலியில் 400 டிகிரிக்கும் மேல் கொதிக்கும் விறகு அடுப்பில் 60 முதல் 90 விநாடிக்குள் பீட்சாவை எடுத்துவிடுகிறார்கள். நம் வீட்டு ஓவன் 230 அல்லது 250 டிகிரியைத் தாண்டாது. நம் மாவிலோ தண்ணீர் அதிகம். பச்சை மாவின் மேல் நேராகச் சாஸ் ஊற்றினால் நடுப்பகுதி வேகாமல் களியாக நின்றுவிடும். அதனால் ஓவனை இருக்கிற உச்சச் சூட்டில் வைத்து, வெறும் மாவை முதலில் 12 நிமிடம் சுடுங்கள். தொட்டால் ஒட்டாமல், அடி இலேசாகச் சிவந்திருக்க வேண்டும். பிறகு சாஸும் சீஸும் வைத்து இன்னொரு 8 நிமிடம். ஓவன் இல்லையென்றால் அந்தப் புதிய கல்லில், சிறு தீயில், மூடி போட்டு ஏழெட்டு நிமிடம் வேக வையுங்கள். அடி சிவந்ததும் திருப்பிப் போட்டு மூன்று நிமிடம். பிறகு சிவந்த பக்கம் மேலே வரும்படி மறுபடி புரட்டி, அதன் மேல் சாஸும் சீஸும் வைத்து, சீஸ் உருகும் வரை மூடுங்கள். சீஸ் சிவக்காது, சுவையில் குறை இருக்காது.

சாஸுக்குச் சதைப்பற்றுள்ள பெங்களூர்த் தக்காளிதான் நல்லது. நாட்டுத் தக்காளியில் புளிப்பும் நீரும் அதிகம். பூண்டு, எண்ணெய், உப்போடு சுண்டக் காய்ச்சி, கரண்டியில் எடுத்தால் வழியாத பதத்தில் இறக்குங்கள். சீஸைக் கட்டியாக வாங்கி வீட்டில் துருவுங்கள். துருவி விற்பதில் ஒட்டாமல் இருக்கச் சேர்க்கும் பொடி என்ன என்று உறையைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கடைகளில் தரும் சிறு மசாலாப் பொட்டலங்களை வீட்டுக்குள் விடாதீர்கள். காய்ந்த ஒரிகானோ தனியாகக் கிடைக்கிறது. சோயா சாஸில் ஊறிய எதையும் மேலே வைக்க வேண்டாம். வழக்கமான சோயா சாஸ் கோதுமை சேர்த்தே தயாராகிறது. குடைமிளகாய், வெங்காயம், பனீர், வேக வைத்த கோழி என்று மற்றதெல்லாம் மகளின் விருப்பம்.

உங்கள் தம்பி அனுப்பிய பொட்டலத்தைத் தாராளமாகப் பிரிக்கலாம், அதில் குளூட்டன் இல்லாதது என்ற முத்திரை இருந்தால். ஐரோப்பாவில் கோதுமை ஸ்டார்ச்சிலிருந்து புரதத்தைக் கழுவிப் பிரித்து, கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற எல்லைக்குள் கொண்டுவந்து பீட்சா மாவில் சேர்க்கிறார்கள். இத்தாலியில் சீலியாக் உள்ளவர்களுக்காகப் பீட்சா செய்பவர்கள் பலர் இந்த மாவைத்தான் பயன்படுத்துகிறார்கள். பீட்சா அதில் மிக நன்றாக உப்பும். சீலியாக் நோய்க்கு அது ஏற்றது. கோதுமை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மட்டும் அது ஆகாது. அது வேறு நோய், அவர்கள் தொடவே கூடாது. மகளுக்கு ஒவ்வாமையும் சேர்ந்து இருக்கிறதா என்பதை உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

சம்பா கோதுமை, பாரம்பரியக் கோதுமை, நாள்கணக்கில் புளிக்க வைத்த கோதுமை மாவு ஆகியவை 'குளூட்டன் ஆகாதவர்களுக்கும் ஒத்துக்கொள்ளும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எல்லாமே கோதுமை, உங்கள் மகளுக்கு எல்லாமே ஆபத்து. கடையில் 'குளூட்டன் இல்லாத பீட்சா' என்று பலகை வைத்திருந்தாலும், அதே மேடையில் மைதா தூவி உருட்டுகிறார்களா, அதே ஓவனில் தட்டுகளை வைக்கிறார்களா என்று கேளுங்கள். 2012இல் அமெரிக்காவின் பெரிய பீட்சா நிறுவனம் ஒன்று குளூட்டன் இல்லாத அடிப்பாகத்தை அறிமுகம் செய்தபோது, தங்கள் சமையலறையில் கோதுமை மாவு கலக்க வாய்ப்பிருப்பதால் சீலியாக் நோயாளிகளுக்கு இதைப் பரிந்துரைக்கவில்லை என்று தானே அறிவித்தது. அந்த நேர்மை இல்லாத கடையில் மகளுக்கு எதுவும் வாங்காதீர்கள்.

முதல் சுற்றில் வெறுமனே சுட்ட அடிப்பாகத்தை ஆற வைத்து, இறுகச் சுற்றி, ஃப்ரீசரில் ஒரு மாதம் வரை வைத்துக்கொள்ளலாம். தோழி வீட்டில் பிறந்தநாள் என்றால் காலையில் ஒன்றை எடுத்து, சாஸும் சீஸும் வைத்துச் சுட்டு, டப்பாவில் கொடுத்து அனுப்புங்கள். மற்றவர்கள் பீட்சா சாப்பிடும்போது அவளும் பீட்சா சாப்பிடுவாள்.

கடைசியாக உங்கள் கணவர். இதை ஒத்திப்போட வேண்டாம். சீலியாக் நோய் உள்ளவரின் பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு அந்த நோய் இருக்கக்கூடும். அதனால் கணவர், நீங்கள், வேறு பிள்ளைகள் இருந்தால் அவர்கள் என எல்லோரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சிக்கல் என்னவென்றால், அந்தப் பரிசோதனை கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்குத்தான் சரியாகப் பேசும். இரண்டு மாதம் நிறுத்திவிட்டவருக்கு, நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். இரைப்பை குடல் மருத்துவரைப் பார்த்து, எத்தனை வாரம், எவ்வளவு கோதுமையை மறுபடி சாப்பிட்ட பிறகு பரிசோதிப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோதுமையைத் தொடாமலே செய்யக்கூடிய மரபணுப் பரிசோதனையும் உண்டு. அதில் குறிப்பிட்ட மரபணுக்கள் இல்லையென்று வந்தால் சீலியாக் நோயை ஏறக்குறைய ஒதுக்கிவிடலாம். அப்படியானால் அவருடைய உப்புசத்துக்குக் காரணம் குளூட்டன் அல்ல, கோதுமையில் உள்ள ஒரு வகை மாவுச்சத்தாகவும் இருக்கலாம்; அவருக்குத் தனிக் கல்லும் வேண்டாம், பெருங்காயத்துக்குப் பயப்படவும் வேண்டாம். அந்தத் தெளிவு கிடைக்கும் வரை அவரை ஒன்றும் முடிவு செய்ய விடாதீர்கள். மருத்துவரிடம் இந்த மாதமே நேரம் வாங்கிவிடுங்கள். மகளின் அடுத்த டிடிஜி பரிசோதனையையும் அன்றே எடுத்துவிடலாம்.